எதிர் பெஞ்ச்

சமார் தீவு, செவ்வாய் காலை

என் அன்புக் கணவருக்கு,

மகள் நலம். அவளை உங்கள் அம்மாவிடம் விட்டிருக்கிறேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கப்பலில் உங்களுக்கு இது எப்போது கிடைக்குமோ.

வியாழக்கிழமை சந்தையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது, வளைவில் பக்கத்து வீட்டு லூர்தெஸ் அம்மாளை இடித்துவிட்டேன். நல்ல மழை. யாரும் பார்க்கவில்லை. நான் நிற்கவில்லை. அவருக்குக் கால் முறிந்துவிட்டது. அந்த வழியாகச் சவாரி ஏற்றி வந்த டிரைசைக்கிள்காரன் கார்டிங்தான் இடித்தான் என்று அவனைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது.

நேற்று அவன் மனைவி நெனிங் வந்தாள். "அக்கா, அவர் அப்படி விட்டுட்டு ஓடுற ஆளா? நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சுக்கு ஊர்ல மதிப்பு இருக்கு" என்றாள்.

"வர்றேன்" என்றேன்.

இப்போது காவல் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னை ஜெயிலில் போட்டால் மகள் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வாள்? உள்ளே கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுகிறேன். நெனிங் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "எங்களுக்காக இவ்வளவு பயப்படுறீங்களே, அக்கா" என்றாள்.

அதற்குமேல் தாங்கவில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன். எழுந்து எதிர் பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

என்னைக் கூப்பிடுகிறார்கள். உள்ளே போகிறேன்.

உங்கள் மனைவி