காதில் இடி, அறைக்குள் எலி

ஜூலை 14, திங்கள்

கச்சான் காற்று. யன்னல்கள் எல்லாம் மூடியும் மேசையில் புழுதி. சம்மாந்துறை வயல் அளவை நண்பகலுக்குள் முடிந்தது.

காரைதீவு சிவராசா (அலுவலகத்தில் என்னோடு நில அளவையாளர், இனி சி.) கிட்டாரின் ஓசையை மாற்றும் சிறு பெட்டி, ஒரு பெடல், கொண்டுவந்து தந்தார். அவருடைய இசைக்குழுவின் கிட்டார்காரர் கட்டாருக்கு வேலைக்குப் போகுமுன் விட்டுச்சென்றது. சனிக்கிழமை எங்கள் அத்தியட்சகரின் பிரியாவிடை, காரைதீவு மண்டபத்தில். அவருக்குப் பிடித்த பாடலின் நடுவே கிட்டார் தனித்து ஒலிக்கும் பகுதி ஒன்று உண்டு. அதை நான் வாசிக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில்.

கைபேசிக் காணொளி பார்த்துக் கற்றவன் நான். எவர் முன்னிலையிலும் வாசித்ததில்லை. மண்டபத்தில் இருக்கப்போகிறவர்களில் பாதிப்பேர், வரைபடத்தில் பிழை கண்டு என்னால் திருப்பியனுப்பப்பட்டவர்கள். அவர்கள் முன் என் விரல் பிழைத்தால்?

கையேட்டை முதலிலிருந்து இறுதிவரை வாசித்தேன். குமிழைத் திருப்பினால் பழைய வால்வு ஒலிபெருக்கி, அம்ப், ஒன்று. மேலும் திருப்பினால் வேறொன்று. உள்ளே எந்த அம்பும் இல்லை. அவற்றின் ஓசையைக் கணித்துத் தருகிறது. வரைபடத்தைக் கொடுத்து வயல் என்பது போல. விளங்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

அசர் தொழுகைக்குப் பின், கதவைச் சாத்தி, ஹெட்போனுடன். ஓசையைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன் பாதியளவு, எதிரொலி சற்று அதிகம். கம்பியைத் தொட்டால் இடி. நெஞ்சு நிமிர்ந்தது. பிழை எதுவும் கேட்கவில்லை. நான் பிழைவிடவில்லையா, பெட்டி மறைக்கிறதா?

இது மனைவி ஹசீனாவின் சீதன வீடு. மாமியின் வீடும் அதே வளவில், யன்னலுக்கு நேரே. மாமிக்குக் கிட்டார் விடயம் தெரியாது. ஆகவே ஹெட்போன் இன்றி வாசிப்பதில்லை என்பது என் விதி. மீறியதில்லை.

வாங்க வேண்டியவை: பற்றரி, மாசிக் கருவாடு, மாமியின் கண் மருந்து.

ஜூலை 16, புதன்

காலையில் மாமி, கையில் எலிப்பொறி.

"மருமகன், பின்னேரத்துல ஒங்கட அறைக்குள்ள எலி வயரக் கடிக்கிற சத்தம் கேக்கிது. கறண்ட் அடிச்சாலும் அடிக்கும். இத வெச்சிப் பாருங்க."

"சரி மாமி" என்றேன். மாமியிடம் அதற்கு மேல் கதைத்துப் பழக்கமில்லை. எலி இல்லை என்று தெரிந்துகொண்டே தேங்காய்ச் சொட்டுத் துண்டு குத்திக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். முறைப்படிதான் வைத்தேன்.

காரணம் பிறகு புலப்பட்டது. எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பி, எதனோடும் இணைக்காவிட்டாலும் சன்னமாக ஒலிக்கும். ஹெட்போன் மாட்டியவனுக்கு மட்டும் அது கேட்காது. எனக்கு இடி, வீட்டுக்கு எலி. இரண்டில் நான் வாசித்தது எது?

பின்னேரம் மீண்டும் பயிற்சி. அந்தியில், மஃரிப் பாங்குக்குச் சற்று முன், மாமியின் காலடி கேட்டால் நிறுத்தலாம் என்று ஒரு காதைத் திறந்துவைத்து ஒரு தடவை. ஓசை மெலிந்து போயிற்று. பயனில்லை.

ஜூலை 17, வியாழன்

அலுவலகம் முடிந்து சி. வீடு. அவருடைய அம்பில் பெடலை இணைத்தோம். ஓசை மூடுண்டு கிடந்தது.

சி.: "மச்சான், ஸ்பீக்கருக்கு மேல ஆரோ தலகணியப் போட்டுக் குந்தியிருக்கிற மாதிரிக் கிடக்கு."

கையேட்டைப் பார்த்தேன். பெடல் ஸ்பீக்கரின் ஓசையையும் கணித்துச் சேர்க்கிறது, அது ஹெட்போனுக்காக. உண்மையான ஸ்பீக்கர் இருக்கையில் அதை அணைக்க வேண்டும். வாசித்திருந்தும் அணைக்கவில்லை. அணைத்ததும் ஓசை திறந்தது. ஆனால் என் அறையில் கேட்டது அல்ல. இடியும் அல்ல, எலியும் அல்ல. எதிரொலியையும் சி. குறைத்துவிட்டார். அப்போதுதான் கேட்டது: உச்சத்திலிருந்து இறங்கும் இடத்தில் விரல் தடுக்குகிறது. மூன்று தடவையும்.

சி. தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். வாசலில் வைத்துச் சொன்னார்: "நாளைக்குச் சொல்லு. ஏலாட்டி அந்த இடத்த நான் கீபோட்ல ஒப்பேத்துறன்."

கண் மருந்து மறந்துபோயிற்று.

ஜூலை 18, வெள்ளி

காற்று சற்றுத் தணிவு. ஜும்ஆத் தொழுகைக்குப் பின் சி.க்கு "இயலாது" என்று தட்டெழுதினேன். அனுப்பவில்லை.

ஹசீனா அறை கூட்ட வந்தவர், கட்டிலுக்குக் கீழே பொறியைக் கண்டார். தேங்காய்ச் சொட்டு காய்ந்திருந்தது.

"எலி என்ன முடிவு எடுத்திரிக்கி?"

வெளியில் என்னவெல்லாம் கேட்கிறது என்று வினவினேன்.

"எல்லாந்தான். மேல ஏறிப்போய் இறங்குற இடத்துல ஒவ்வொரு தடவயும் எலிக்குக் கால் தடுக்கிது. புதன்கிழம மட்டும், பாங்குக்குக் கொஞ்சம் முந்தி, ஒருக்காத் தடுக்கல்ல. அடுப்ப நூத்துட்டு நிண்டு கேட்டன்."

ஒரு காது திறந்து வாசித்த தடவை அது. பயனில்லை என்று நான் குறித்த தடவை.

ஹசீனா கட்டிலில் அமர்ந்திருக்க, அவ்வாறே வாசித்தேன். தடுக்கியது. மீண்டும். தடுக்கவில்லை. மீண்டும். தடுக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. நாளை எவ்வளவு டிஸ்டோர்ஷன் என்பதும் தெரியவில்லை.

"இயலாது" என்பதை அழித்து, "வருகிறேன்" என்று அனுப்பினேன்.

யன்னலுக்கு அப்பாலிருந்து மாமியின் குரல்: "புள்ள, எலி பட்டிச்சா?"

ஹசீனா: "இல்ல உம்மா. அது நாளைக்குக் காரைதீவுக்குப் போகுதாம். நானும் கூடப் போறன்."