73939133: எட்டுத் திறப்புகள்

4 மார்ச் 2141, 06:10. திறவெண்: 73939133
இதைக் கண்டெடுப்பவர் அறிக: நான் சே. மாசிலாமணி, எண்கணித ஆய்வாளர், வயது எழுபத்தொன்று. வியாழனின் நிலவான காலிஸ்டோவில் உள்ள நிலையத்தில் என்னுடன் இருப்பவர் பொறியாளர் பொன்ராசு ஒருவரே, அதுவே அதிகம். வெளிக்கதவு எட்டு முறைதான் திறக்கும். எட்டாம் முறை மூடியதும் தாழ் உருகி நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே இத்திறவெண்ணை நானே தேர்ந்தேன். இது பகா எண். ஒவ்வொரு திறப்புக்கும் கடைசி இலக்கம் உதிரும். எஞ்சுவதும் பகா எண்ணே, ஏழு வரை. இவ்வாறு உதிரும் பகா எண்களில் இதுவே மிகப் பெரியது. வலப்புறம் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் பகா எண் ஆகாது. வெளியே செல்லக் கதவருகே நின்ற பொன்ராசுவுக்கு விளக்கினேன்.

"எட்டுக் கோடு போட்டு ஒண்ணொண்ணா அழிச்சா ஆவாதா, பெரியவரே?"

மூடரோடு இன்னும் பத்தொன்பது நாள்.

9 மார்ச், 14:00. திறவெண்: 7393
அவர் இருமுறை சென்று திரும்பிவிட்டார். நான்கு திறப்புகள் மீதம். 23ஆம் தேதி வரும் ஆளில்லாக் கப்பலில் ஏற ஒன்று போதும். அது கதவை வெட்டாது. இரண்டு மணி நேரம் காத்திருந்து போய்விடும். அடுத்தது ஆறாண்டுக்குப் பின். உணவு அதுவரை தாங்காது.

கதவின் வெளிப்பலகையில் நிலையம் தொடங்கிய ஆண்டைப் பொன்ராசு 2140 என்று எழுதியிருக்கிறார். 2139 அல்லவா?

10 மார்ச், 05:40. திறவெண்: 73
அவர் உறங்குகையில் திறந்து, வாசலில் நின்றே திருத்தினேன். ஒன்பது சாய்ந்துவிட்டது. மீண்டும் திறந்து நேராக்கினேன். மூன்றாம் பயணம் தேவைப்படாது என்பது என் கணிப்பு. அவரிடம் சொல்லவில்லை, திறவெண் என் பொறுப்பு.

14 மார்ச், 17:05. திறவெண்: 7
அலைவாங்கி சரிந்தது. அஃதின்றிக் கப்பல் இறங்காது. பொன்ராசு சென்றிருக்கிறார். கையில் ஐம்பது நிமிடக் காற்று. நான்கு திறப்புகள் இருந்ததாக நம்பிப் போனார். நான் வாய் திறக்கவில்லை.

17:41
"முடிஞ்சிட்டு. தொறங்க." பிறகு: "பெரியவரே, இந்த வருசத்த யாரு மாத்துனா? மை புதுசால்லா இருக்கு. ரெண்டு தடவ எழுதிருக்கு."

ஒப்புக்கொண்டேன். திறந்தால் இருவரும் இங்கேயே அடைபடுவோம்.

"ஒரு ஒம்பதுக்காகவா? எங்கிட்ட கேட்ருந்தா நானே அழிச்சிருப்பேனே!"

17:50
இருவர் சாவதைவிட ஒருவர் பிழைப்பது மேல். கணக்கு சரியே. அவர் என்னை இகழ்ந்தவர். கணக்கு சரியே. நடிக்க வேண்டாம் என்றேன்.

"நடிக்கலய்யா. காத்து நெசமாவே தீருது. தொறங்க."

17:54
கதவைத் தட்டுகிறார். 7ஐ அழுத்தினேன். உறுதிப்பொத்தானை அழுத்தவில்லை.

17:57
தட்டவில்லை.

திறவெண் இல்லை
திறந்தேன். இழுத்துக்கொண்டு வந்தேன். கதவு தானாக மூடிற்று, தாழ் உருகும் வாடை. தலைக்கவசம் கழற்றினேன், மார்பை அழுத்தினேன், அழுத்திக்கொண்டே

அவர் எப்போது இறந்தார் என்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான்கு நாளோ ஐந்தோ ஆகிறது. கப்பல் இறங்கும். அலைவாங்கியை நன்றாகவே பழுது பார்த்திருக்கிறார்.