பழத்துக்குக் கிராக்கி

மார்ச் 3, திங்கள்

இந்த வாரச் சந்தை நிலவரத்தை அனுப்பியாயிற்று. எலுமிச்சை விவசாயிகள் சங்கத்தில் முந்நூற்றுச் சொச்சம் பேர். அத்தனை பேர் கைப்பேசிக்கும் திங்கள் தவறாமல் எழுதுவது நான்தான். குளிர்பானக்காரர்கள் புளிப்புத் தூளுக்கு மாறிவிட்டதால் சாறு ஆலைகள் வாங்குவதைக் குறைத்துவிட்டன. எலுமிச்சைத் தோலில் எடுக்கும் எண்ணெய்க்கு மட்டும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. இனி கப்பலில் அனுப்புகிறவர்கள்தான் கதி. "ஏற்றுமதியில் பழத்துக்கு நல்ல கிராக்கி. பதினேழாம் தேதி ஏற்றுகிறார்கள்" என்று முடித்தேன்.

பிறகு வழக்கம்போல, படித்தவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அண்ணன் எட்டேகாலுக்குப் படித்திருக்கிறான். தோட்டத்தில் என் பங்கை அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியாளுக்கு விற்றதிலிருந்து, ஆறு வருடமாகப் பேச்சில்லை. ஆனால் என் எழுத்தை ஒரு வாரம்கூட விடுவதில்லை. அதில் எனக்கு ஒரு சந்தோஷம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து ஓயாமல் போன்.

"அக்கா, பழம்னு போட்டிருக்கீங்க. பச்சையா பறிக்கணுமா, மஞ்சளாக விடணுமா?"

மஞ்சள் கப்பலில் போனால் வழியிலேயே அழுகிவிடாதா? பச்சையாக இருந்தாலும் எலுமிச்சம்பழம் என்றுதானே வாயில் வருகிறது, அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். "காய்தான், காய்தான்" என்று சொல்லியே தொண்டை வறண்டது. தனியாகத் திருத்தம் போடவில்லை. சோம்பல் — இல்லை, கௌரவம்.

ஒரே நாளில் இத்தனை பேரோடு பேசி எவ்வளவு காலம் ஆகிறது!

மார்ச் 9, ஞாயிறு

இன்று யாரோடும் பேசவில்லை. ரேடியோவை அணைக்காமலே குளித்தேன்.

மார்ச் 17, திங்கள்

ஏற்றுமதிக் கிடங்கில் வந்திறங்கும் சரக்கைக் குறித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வண்டி வந்தது. தலை பாதி நரைத்துவிட்டது அவனுக்கு. தரம் பார்ப்பவர் ஒரு பெட்டியைத் திறந்தார். மஞ்சள். அடுத்ததும் மஞ்சள்.

"இதை எப்படிங்க கப்பல்ல ஏத்துறது?"

அண்ணன் கைப்பேசியை நீட்டினான். "பழம்னுதான் போட்டிருக்கு. அதான் மரத்துலயே விட்டேன்."

"எல்லாரும் போன் போட்டுக் கேட்டாங்களே. நீங்களும் கேட்டிருக்கலாம்ல?"

அண்ணன் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

நான் தராசுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வரவில்லை. எல்லோரும் கேட்டார்கள். என்னிடம் கேட்க முடியாதவன் ஒருத்தன்தான். ஏன்டி, இது உனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டாமா?

மார்ச் 18, செவ்வாய்

"ஒருத்தர்தானே, விடுங்க. திருத்தம் போட்டா சங்கத்து மேல பழி வரும்" என்றார் செயலாளர். போட்டுவிட்டேன்: "மூன்றாம் தேதி நான் பழம் என்று எழுதியது தவறு. பச்சைக்காய் என்றிருக்க வேண்டும். எழுதியதை நம்பியவர்மேல் பிழையில்லை. பிழை என்னுடையது."

செயலாளர் நாலு முறை அழைத்தார். எடுக்கவில்லை.

கிடங்கில் திருப்பிவிட்ட அண்ணன் சரக்கை எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சாறு ஆலையில் கேட்டேன். தொட்டிகள் நிரம்பிக் கிடக்கின்றனவாம், கைவிரித்துவிட்டார்கள். எலுமிச்சையைக் காயவைத்து விற்கும் களத்துக்குப் போய்க் கெஞ்சினேன். பாதியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அண்ணிக்குப் போன் செய்தேன்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க அண்ணி."

"எப்படிம்மா சொல்லாம இருக்கிறது? பக்கத்துலதானே உட்கார்ந்திருக்காரு."

மார்ச் 20, வியாழன்

பாதி களத்துக்குப் போயிற்று. மீதி அழுகிவிட்டதாம். அண்ணிதான் சொன்னாள்.

மார்ச் 24, திங்கள்

ஏப்ரலிலிருந்து நிலவரத்தை வேறொருவர் எழுதுவார் என்று செயலாளர் சொல்லிவிட்டார். சரி என்றேன். அது வலிக்கவில்லை. மதியம் வரை பட்டியலைத் திறந்து திறந்து பார்த்தேன். அண்ணன் இந்த வாரம் படிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

என் கடைசி நிலவரம். பச்சை, மஞ்சள் என்று மட்டுமே எழுதினேன். வேறு வார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. பதினொரு மணிக்கு எனக்கென்று தனியாக ஒரு செய்தி வந்தது. அண்ணன்.

"பழம்."

சரக்கைப் பற்றித்தான் கேட்கிறான் என்று நினைத்து, "இல்லண்ணா, பச்சைதான் வேணுமாம்" என்று பதறிப்போய்த் தட்டினேன். அனுப்பப் போகும்போதுதான் உறைத்தது. சின்ன வயதில் நாங்கள் காய் விட்டுக்கொண்டால், இரண்டு நாள் முறைத்துவிட்டு, அவன்தான் முதலில் வந்து பழம் விடுவான்.

தட்டியதை அழித்தேன். நானும் "பழம்" என்று அனுப்பினேன்.