சோழவரத்துக் கப்புச்சீனோ

தம்பி,

கும்மிடிப்பூண்டியில் என் மருமகள் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு எதிரே கண்ணாடி போட்ட காப்பிக்கடை ஒன்று வந்திருக்கிறது. போன வாரம் என்னை அங்கே கூட்டிப்போனாள். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, உஸ்ஸென்று ஆவி பாலுக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் திரும்பிப் பார்த்தேன், நீதான் நிற்கிறாயோ என்று.

"லாத்தே சொல்லட்டுமா, கப்புச்சீனோ சொல்லட்டுமா அத்தை? எனக்கே ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது" என்றாள் மருமகள். நான் சும்மா இருப்பேனா? ரெண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே காப்பிதான், மாவு மாதிரி அரைத்த தூளை அழுத்தி வைத்து, வெந்நீரை முட்டித் தள்ளி இறக்கின கொஞ்சூண்டு கறுப்புக் காப்பி, அதன்மேல் பாலும் நுரையும் சரிபங்காக வந்தால் கப்புச்சீனோ, பால் நிறைய வந்து மேலே ஏடு கனத்துக்கு மட்டும் நுரை நின்றால் லாத்தே, பாலே இல்லாமல் ஒரு கரண்டி நுரையை மட்டும் வைத்தால் அது மக்கியாத்தோ, கறை பட்டது என்று அர்த்தம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் வாயைப் பிளந்தாள்.

"பழவேற்காட்டுத் தம்பி ஒருத்தன் சொன்னான், உன் ஊட்டுக்காரன் பொறக்கறதுக்கு முன்ன" என்றேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கப்பல் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு வந்து, பட்டணத்தில் மூடிப்போன ஏதோ ஓட்டலிலிருந்து ஆவியில் காப்பி போடும் அந்த இயந்திரத்தை வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு எங்கள் சோழவரத்தில் இறங்கினாய். கார்ப் பந்தயத்துக்கு வரும் பட்டணத்து ஆட்கள் ஒரு பக்கம், பெரிய ரோட்டில் போகும் லாரிக்காரர்கள் ஒரு பக்கம், வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்று உன் கணக்கு. கடைக்குப் பின்னாலேயே வாடகை வீடு. உன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

பால் நான் ஊற்றினேன். வந்த அன்றைக்கே என் எருமைகளைக் குறை சொன்னாய். "எருமைப் பாலுல நுரை கல்லு மாதிரி நிக்குதுக்கா. பசும்பாலா குடு." என் எருமைகளை யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. கோபத்தில் ரெண்டு நாள் உன்னோடு பேசவில்லை. ஆனாலும் பசும்பாலைத்தான் கொண்டுவந்தேன்.

நீ பாலைப் பதம் பண்ணுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஆவிக்குழாயின் முனையைப் பாலின் மேல்மட்டத்தில் லேசாக முக்கிக் காற்றை ஏற்றுவாய். பால் கொஞ்சம் உப்பியதும் குழாயை உள்ளே இறக்கிச் சுழல விடுவாய். பாத்திரத்தில் வைத்த உள்ளங்கை சூடு தாங்காமல் எடுக்கும்போது ஆவியை நிறுத்திவிடுவாய். அப்புறம் மேசைமேல் ஒரு தட்டு, பெரிய குமிழெல்லாம் உடைந்துவிடும். "கொதிக்க வுட்டா பாலோட இனிப்பு செத்துடும்கா" என்பாய்.

அங்கேதான் வந்தது வினை. கடை திறந்த அன்று முதல் கோப்பையை அரிசி மில்காரருக்குக் கொடுத்தாய். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் கேட்டார்.

"பால் காய்ச்சினியா?"

"காய்ச்சலைங்க. ஆவி காட்டினேன்."

ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம் நீ. அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பச்சைப் பாலை வாயில ஊத்தறியே, நான் இன்னா செத்தா பூட்டேன்?"

பாம்புப் புற்றுக்கும் பிணத்தின் வாய்க்கும் ஊற்றுவது எங்கள் பக்கத்தில் பச்சைப் பால். பொங்கிய பால்தான் மனுஷனுக்கு. அது உனக்குத் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் தோன்றவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அன்றிலிருந்து பேச்சு ஊரெல்லாம் பரவி, ஈ ஓட்டினாய்.

ஒரு சாயங்காலம் பால் கொண்டுவந்தபோது கடைப்படியில் உட்கார்ந்திருந்தாய். கப்பல் ஏஜெண்டு ஆள் அனுப்பியிருந்தான். மாசக் கடைசியில் கப்பல் கிளம்புகிறது, வருவதென்றால் வா என்று.

"போய்ட்டு வாயேன், ஒரு வருசம்தானே" என்று நான்தான் யோசனை இல்லாமல் சொன்னேன்.

நீ ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாய். "மொத புள்ள பொறந்து நாலாம் நாளு பூட்டுச்சுக்கா. நான் கப்பல்ல இருந்தேன். அப்பன் நான் சொல்ல வேண்டிய பாங்கை அதும் காதுல சொன்னது என் மச்சான். மண்ணு போட்டதும் அவருதான். துறைமுகத்துல எறங்கனப்புறம்தான் தந்தி என் கைக்கு வந்துச்சி. இதுக்கும் நான் இல்லன்னா, அப்புறம் நான் இன்னாத்துக்கு அப்பன்?"

அன்று வரை உன்னை நான் ஒரு காப்பிப் பைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அடுப்பைத் தூக்கிவந்து உன் கடை வாசலில், ரோட்டைப் பார்த்து வைத்தேன். பாலை ஏற்றிப் பொங்கி வழிய விட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அப்புறம் குண்டானைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஆறவைத்து, ஏட்டை எடுத்துவிட்டு, சில்லிட்ட பாலை உன் கையில் கொடுத்தேன். இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஆவி காட்டு என்றேன்.

நீ முகத்தைச் சுளித்தாய். "டேஸ்ட்டு பூடும்கா."

"டேஸ்ட்டு போனா போவட்டும். நீ போவாத."

நீ பாலை வாங்கி ஆவிக்குழாயைத் திறந்தாய். நுரை நின்றது. இனிப்பு குறைந்துவிட்டது என்று கடைசி வரைக்கும் முனகினாய், அது வேறு. பொங்கியதைக் கண்ணால் பார்த்த ஜனம் மெல்ல மெல்லப் படியேறி வந்தது. கப்புச்சீனோவுக்கு நுரைக்காப்பி, லாத்தேவுக்குப் பால்காப்பி என்று அவர்களே பேர் வைத்துக்கொண்டார்கள். மில்காரர் மட்டும் நான் பால் பொங்கவிடும் நேரம் பார்த்து வந்து, பக்கத்திலேயே நின்று சரிபார்த்துவிட்டுத்தான் குடிப்பார். மாசக் கடைசியில் கப்பல் நீ இல்லாமல் போயிற்று.

சில வருஷம் கழித்து ஆவியை அடைக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து, மாற்று கிடைக்காமல் இயந்திரம் படுத்துவிட்டது. நீ சாதாரண ஃபில்டரை வைத்துக் கடையை ஓட்டினாய். அதைப் பற்றி நீ வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

அதற்கெல்லாம் முன்னால், கப்பல் போன கொஞ்ச நாளில், உன் மகள் பிறந்த காலையில் நான் பாலோடு வந்தேன். கடை பூட்டியிருந்தது. பின்னால் போனேன். உன் மாமியார் குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி உன் கையில் கொடுத்தார். நீ அதன் வலது காதருகே குனிந்து பாங்கு சொல்ல ஆரம்பித்தாய். பாதியில் உன் குரல் உடைந்தது. நின்றாய், மூச்சு வாங்கினாய், விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தாய். அந்தச் சொற்களுக்கு அர்த்தம் எனக்கு இன்றைக்கும் தெரியாது. வாசலில் நின்று அழுதேன். தம்பி, வயசாகி எனக்கு எத்தனையோ மறந்துபோயிற்று. நீ நிறுத்திய இடமும், திரும்பத் தொடங்கிய இடமும் மட்டும் அப்படியே காதில் இருக்கிறது.