பன்றியை முந்திக்கொண்ட உன் அம்மா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. என் சிறுநீரகங்கள் இரண்டையும் தவிர இங்கே எல்லாரும் நலம், அங்கே நீயும் உன் பன்றிகளும் எப்படி இருக்கிறீர்கள்? மனித உயிரணுவைப் பன்றிக் கருவுக்குள் வைத்துச் சிறுநீரகம் வளர்க்கப் பார்க்கிறோம் என்று நீ சொன்ன நாளிலிருந்து டயாலிசிஸ் வார்டில் என் மதிப்பே தனி. என் பெண் எனக்கு ஒன்று தயார் செய்கிறாள் என்று நான்தான் அளந்து விட்டேன். பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர் தனக்கும் ஒன்று சொல்லிவைக்கச் சொன்னார், எதிர்க்கட்டில் வாத்தியார் சுத்த சைவம், இரண்டு நாள் யோசித்துவிட்டு, வாயால் சாப்பிட்டால்தானே பாவம் என்று அவரும் பெயர் கொடுத்துவிட்டார். அதனால் போன வாரம் நீ போனில் அழுதபோது எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நாலாவது வாரத்தோடு கருவை நிறுத்திவிட வேண்டும் என்பது உங்கள் விதியாம், மனித உயிரணு பன்றியின் மூளைக்குப் போய்விடுமோ என்று மேலே இருப்பவர்களுக்குப் பயமாம், உருப்படியாக ஒன்று வர இன்னும் பத்து வருடமாவது ஆகும் என்றாய், என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டாய். போடி பைத்தியமே, முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான், ஸ்பேர் பார்ட் சொன்ன தேதிக்கு வந்து பார்த்ததே இல்லை.

இதற்குள் உன் அம்மா எனக்குத் தெரியாமல் பரிசோதனை எல்லாம் முடித்து, தன் சிறுநீரகம் எனக்குப் பொருந்துகிறது என்ற தாளைக் கைப்பையில் மடித்து வைத்திருந்திருக்கிறாள். வேண்டவே வேண்டாம் என்று குதித்தேன். "பன்னியோடதுன்னா பல்லைக் காட்டிக்கிட்டு வாங்கிப்பீங்க, என்னோடதுன்னா மட்டும் கசக்குதா?" என்று கேட்டாள். கையெழுத்துப் போட்டேன். நன்றாக இருக்கிற உடம்பைக் கிழிக்கப் போகிறார்களே என்று எனக்குப் பயமாக இருக்கிறது, அவளோ வீட்டுத் திரைச்சீலைகளைத் துவைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். லீவை வீணாக்காதே, வராதே என்று ஒவ்வொரு தடவையும் உன்னைத் தடுத்தவன் நான். இந்தத் தடவை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் இருவரையும் ஒரே நேரத்தில் உள்ளே கொண்டுபோய்விடுவார்கள், வெளியே உட்கார்ந்திருக்க ஆள் இல்லை. வந்துவிடு அம்மா.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வருடம் இருக்க வேண்டும். வரும்போது ஸ்வெட்டர் எடுத்துக்கொள், காத்திருக்கும் அறையில் ஏசி அதிகம்.

இப்படிக்கு,
உன் அப்பா