காலில் போட்ட புள்ளடி

யூன் 3, செவ்வாய்

சோளகக் காற்று. கொடியில் உடுப்பு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை தாதிய மாணவிகளுக்குப் பேச்சு: 'அறுந்த நாடியைத் தைத்த கதை'. இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. சோம்பேறி நான்.

எழுத உட்கார, வார்டிலிருந்து போன். அச்சுவேலித் தோட்டக்காரர், தவராசா, வயது 34. புல்லு வெட்டும் மெசினின் தகடு முறிந்து முழங்காலுக்குப் பின்னால் பாய்ந்திருக்கிறது. காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி துண்டு. பாதம் ஐஸ். மற்றக் காலில் ஒரு நாளம், இன்னொரு இரத்தக் குழாய், எடுத்து, அதன் வால்வுகள் இரத்தத்தை மறிக்காதபடி தலைகீழாகத் திருப்பி, அறுந்த இடத்தில் வைத்துத் தைத்தேன். நாலரை மணி நேரம். இரத்தத்தை மறித்திருந்த கவ்வியைக் கழற்ற, பாதம் மெல்லச் சிவந்தது. "அடி சக்கை!" என்று ஒப்பரேசன் தியேட்டரிலேயே கத்திவிட்டேன். வெட்கம்தான். பரவாயில்லை.

பாதத்தில் துடிப்பு அகப்படும் இடத்தில் பேனையால் ஒரு புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி. மணிக்கொருக்கால் தாதி மிஸிமார் அங்கே தொட்டுப் பார்க்க வேண்டும். துடிப்பு நின்றால் காலும் போச்சு.

யூன் 4, புதன்

காலையில் மிஸி ஓடி வந்தார். "டொக்டர், புள்ளடியைக் காணேல்லை! துடிப்பும் பிடிபடேல்லை!"

நானும் ஓடினேன். பாதம் முழுக்கத் திருநீறு. துடைத்துத் தடவினேன். இருக்கிறது! குதிரை மாதிரி ஓடுகிறது. மிஸி பதற்றத்தில் இடம் மாறித் தொட்டிருக்கிறார்.

பக்கத்தில் தவராசாவின் மனைவி மலர், கையில் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணியில் நனைத்த துணி.

"ஆர் அழிச்சது?"

"நான்தான் டொக்டர். வெட்டுறதுக்கெல்லோ புள்ளடி போட்டியள்? சண்டை நேரம் என்ரை அப்பாவுக்கும் உப்பிடித்தான் அடையாளம் போட்டவை. பிறகு கால் இல்லை."

ஏசத்தான் வந்தது. அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாதது என் பிழை. அவள் விரலைப் பிடித்துத் துடிப்பின் மேல் வைத்தேன்.

"ஐயோ, துடிக்குது! டொக்டர், துடிக்குது!"

அடுத்த கட்டில்காரர்: "பிள்ளை, எங்களுக்கும் ஒருக்கால் காட்டு."

தவராசா: "என்ரை காலென்ன கண்காட்சியோ?"

யூன் 6, வெள்ளி

பேச்சு முடிந்தது. சொன்னவை: ஆதியில் இரத்தத்தை நிறுத்தக் காயத்தில் காய்ச்சிய எண்ணெய். பிறகு நாடியை நூலால் இறுக்கிக் கட்டு; உயிர் மிஞ்சும், கால் பெரும்பாலும் போகும். பிறகு, பூவேலை செய்யும் பெண்ணிடம் ஊசி பிடிக்கப் படித்த ஒரு பிரெஞ்சு டொக்டர். அறுந்த நாடியின் வாயை மூன்று நூலில் இழுத்து முக்கோணமாக்கித் தைத்தார். எனக்கு இதுதான் பிடித்த இடம். மாணவிகள் சிரித்ததென்னவோ ஓடிக்கொலோன் கதைக்கு.

ஒருத்தி எழும்பினாள். "டொக்டர், அப்ப அவவின்ரை அப்பாவின்ரை காலையும் தைச்சிருக்கலாமோ?"

"ஓம் பிள்ளை. ஆளும் நேரமும் இருந்திருந்தா."

யூன் 9, திங்கள்

தவராசா நாலடி நடந்தார்! வார்டே கைதட்டியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக. மூக்கைத் துடைக்கத் துண்டு வேறு இல்லை.

பின்னேரம் மலரின் அப்பா வந்தார், பொய்க்காலோடு. கட்டில் விளிம்பில் இருந்து மருமகனின் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"சூடாக் கிடக்குது, பிள்ளை. நல்ல சூடு."