மலைக்கு எடுத்துவைக்க வேண்டியவை

மானாம்பதி
5.4.2025

அன்புள்ள ஷாரோன் அப்பாவுக்கு,

பிரிஸ்கில்லா எழுதறது. ஆண்டவர் கிருபையில நானும் பசங்க ரெண்டும் நல்லா கீறோம். நாற்பத்தஞ்சு நாள் போன் கிடையாது, நேர்லயும் வந்து பார்க்கக் கூடாது, கடுதாசி மட்டும்தான்னு உங்க குடிமறுவாழ்வு இல்லத்து சார் சொல்லிட்டாரு. கல்யாணம் ஆகி பதிமூணு வருஷத்துல உங்களுக்கு நான் எழுதற முதல் கடுதாசி இது. சிரிக்காம படிங்க.

விஷயம் இதுதான். என்கூட ஷூ கம்பெனியில தையல் போடற ஆதிலட்சுமி தெரியுமில்ல, திருமுக்கூடல்காரி. அவங்களும் அவங்க வூட்டுக்காரர் வேதகிரி அண்ணனும் பசங்களைக் கூட்டிக்கினு மே ஒண்ணாந்தேதி ஜவ்வாது மலைக்குப் போறாங்க. ஜமுனாமரத்தூர் தாண்டி அவங்களுக்குத் தெரிஞ்சவர் கொல்லை நிலம் ஒண்ணு கீதாம். அங்கயே கூடாரம் போட்டு, சமைச்சு, மூணு ராத்திரி தங்கறது. அவங்க வேன்லயே நம்மளையும் வரச் சொல்றாங்க. நான் சரின்னுட்டேன்.

பசங்களுக்கு இப்படிப் போலாம்னு நீங்க ரெண்டு தடவை சொல்லி ரெண்டு தடவையும் நடக்கல. போன மே மாசம் பையெல்லாம் கட்டி வாசல்ல வச்சிக்கினு எஸ்தர் மத்தியானம் வரைக்கும் அதுமேலயே உக்காந்திருந்தது. அதை நான் இப்ப பேச வரல. நீங்க முப்பதாந்தேதி வெளிய வர்றீங்கன்னு ஷாரோன் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கா.

இன்னா இன்னா எடுத்துக்கினு போகணும்னு எழுதுங்க. பந்தல் போடறவர் நீங்க, உங்களைத்தான் கேக்கணும்.

இப்படிக்கு,
பிரிஸ்கில்லா


ராஜகுளம்
9.4.2025

அன்புள்ள பிரிசிக்கு,

சாம்சன் எழுதுவது. சுகம். நாலு வேளையும் சாப்பிடறேன். கை நடுக்கம் குறைஞ்சிருக்கு, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். இங்க கடுதாசியை சார் படிச்சுட்டுத்தான் அனுப்புவாரு. அதனால கொஞ்சம் வெக்கமா கீது.

மலைக்குப் போறது ரொம்ப நல்ல காரியம். நீ ஒண்ணும் சிரமப்படாத. கடைல விக்கற கூடாரம் வேணாம், அது காத்துக்கு நிக்காது. நான் வந்து நம்ம பந்தல் கம்பெனி குடோன்லருந்து தார்ப்பாயும் குச்சியும் எடுத்துக்கறேன். கயிறும் நானே பார்த்துக்கறேன். நீ துணிமணி, பாய், போர்வை மட்டும் எடுத்து வை. மே மாசம்னாலும் விடியக்காலைல குளிரும். எஸ்தருக்குக் காதுக்குக் குல்லா. மண்ணெண்ணெய் அடுப்பு வேணாம், சின்ன கேஸ் அடுப்பு ஆதிலட்சுமி வூட்ல இருக்குதான்னு கேளு. மஞ்சத்தூள், உப்பு எல்லாம் மூடி இறுக்கமா இருக்கற டப்பால போடு.

முப்பதாந்தேதி காலைல பத்து மணிக்கு விட்டுடுவாங்க. பன்னண்டு மணிக்கெல்லாம் வூட்ல இருப்பேன். சாயங்காலத்துக்குள்ள எல்லாம் கட்டிடலாம். நீ எதையும் தூக்காத.

பச்சமுத்து தோள்பட்டை எப்படி கீது? கேட்டு எழுது.

உன்,
சாம்சன்


மானாம்பதி
15.4.2025

அன்புள்ள ஷாரோன் அப்பாவுக்கு,

கடுதாசி கிடைச்சது. எழுத்து நல்லாத்தான் கீது.

தார்ப்பாய் நானே வாங்கிட்டேன். பச்சமுத்து அண்ணன்தான் குடோனைத் திறந்து எடுத்துக் குடுத்தாரு. தோள்ல இன்னும் பட்டை கட்டிக்கினுதான் கீறாரு. மூங்கில் விழுந்து ரெண்டு மாசமாச்சு, எலும்பு கூடிடுச்சாம், ஆனா கை தோளுக்கு மேல ஏறல. "சாம்சன் எப்படிமா கீறான்?"னு கேட்டாரு. "நல்லா கீறாரு"ன்னேன். "வந்தா வரச்சொல்லு"ன்னாரு. கோவமா சொன்னாரா, நல்லவிதமா சொன்னாரான்னு எனக்குப் புரியல. நீங்க குடிச்சுட்டுப் போட்ட முடிச்சு அவுந்து அவர் தோள் போச்சு. அவர் வூட்டு வாசல்ல நிக்க எனக்குக் கஷ்டமா இருந்துது. அதையும் எழுதிட்டேன், மறைக்கல.

பெரிய வெள்ளிக்கு முன்னாடி ஒருதரம் போட்டுப் பார்க்கலாம்னு ஞாயித்துக்கிழமை கோயில்லருந்து வந்ததும் நானும் பசங்களும் பின்னாடி கொல்லைல தார்ப்பாயை விரிச்சோம். அது ஒரு பக்கம் நின்னா இன்னொரு பக்கம் படுத்துக்குது. கடைசியா எஸ்தர் தலை மேலயே விழுந்துது. அவ உள்ளருந்து "ராத்திரி ஆயிடுச்சா?"ன்னு கேக்கறா.

ஷாரோன் ஒரு நோட்டுல எல்லாம் எழுதி வச்சிருக்கா. டார்ச், சோப்பு, பிரஷ், கொசுவர்த்தி, பாய் நாலு. அதுல "அப்பா சட்டை 2"ன்னு எழுதி, பக்கத்துல ஒரு கேள்விக்குறி. சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வச்சேன்.

ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க வந்து கட்டுவீங்கன்னு நான் எதையும் விட்டு வைக்கப் போறதில்ல. ஒண்ணாந்தேதி காலைல அஞ்சரை மணிக்கு வேன் கூட்ரோடுல நிக்கும். நீங்க இருந்தா உங்களையும் ஏத்திக்கினு போவோம். இல்லன்னா நாங்க போவோம். அதனால நீங்க வந்து செய்யறேன்னு எழுதாம, நான் எப்படிச் செய்யணும்னு எழுதுங்க. ஒரு நாளைக்கு அத்தனை ஷூவுக்குத் தையல் போடறேன், ஒரு முடிச்சு போட வராதா எனக்கு?

இப்படிக்கு,
பிரிஸ்கில்லா


ராஜகுளம்
19.4.2025

அன்புள்ள பிரிசிக்கு,

உன் கடுதாசியை நாலு தடவை படிச்சேன். முதல்ல கோவம் வந்துது. அப்புறம் நேத்து பெரிய வெள்ளி ஜெபத்துல உக்காந்திருக்கும்போது போயிடுச்சு. நீ கேட்டது நியாயம்.

எழுதறேன், பொறுமையா படி. முதல்ல இடம். பள்ளத்துல போடாத, கொஞ்சம் மேடா பாரு. மரத்துக்கு நேர் கீழ வேணாம், காஞ்ச கிளை விழும். காத்து எந்தப் பக்கம் வருதுன்னு ஒரு பிடி மண்ணைத் தூவிப் பாரு. அந்தப் பக்கம் தார்ப்பாயோட முதுகு இருக்கணும், வாசல் எதிர்ப் பக்கம்.

ரெண்டு குச்சியை நட்டு நடுவுல ஒரு கயிறு இழு. அது மேல தார்ப்பாயைப் போட்டு முதல்ல எதிரெதிர் மூலையைக் கட்டு. ஒரே பக்கமா ரெண்டு மூலையையும் கட்டினதாலதான் உனக்குச் சாஞ்சுது. முளைக்குச்சியை நேரா அடிக்காத, கூடாரத்தை விட்டு வெளிய சாய்ச்சு அடி. கயிறை முளையில ரெண்டு சுத்து சுத்து, அப்புறம் உருவு முடிச்சு. ஒரே இழுப்புல அவுக்க வரணும், ஆனா காத்து இழுத்தா இன்னும் இறுகணும். கீழ படம் போட்டிருக்கேன். புரியலன்னா பச்சமுத்துகிட்டக் காட்டு.

சுத்தி ஒரு சாண் ஆழத்துக்குக் கால்வாய் வெட்டு. மழை வராதுன்னு யார் சொன்னாலும் வெட்டு.

அன்னிக்கு அந்தக் கல்யாணப் பந்தல்ல நான் ரெண்டு சுத்து சுத்தல. ஒண்ணுதான். எனக்குத் தெரியும், பிரிசி. கீழ இறங்கி சீக்கிரம் போகணும்னு இருந்துது. இங்க இதை எல்லார் முன்னாடியும் சொன்னேன். உனக்கும் சொல்லணும்னு தோணுச்சு.

உன்,
சாம்சன்


மானாம்பதி
23.4.2025

அன்புள்ள ஷாரோன் அப்பாவுக்கு,

ஈஸ்டர் நல்லா நடந்துது. பசங்களுக்குப் புது கவுன்.

படத்தை பச்சமுத்து அண்ணன்கிட்டக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாரு. "முடிச்சு சரியாத்தான் எழுதிக்கீறான்"னு சொல்லிட்டு, ஒரு கையாலயே எனக்குப் போட்டுக் காட்டினாரு. இன்னிக்கு சாயங்காலம் தார்ப்பாய் நின்னுது. ஷாரோன் உள்ள போய் படுத்து உருண்டு பார்த்தா. நிக்குதுங்க, நிஜமாவே நிக்குது.

இன்னொண்ணு. சொல்லாம இருக்கலாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். கம்பெனி பஸ்ல ஆதிலட்சுமி தயங்கித் தயங்கிச் சொன்னாங்க, வேதகிரி அண்ணன் பாட்டில் எடுத்துக்கினு வருவாராம். "மலையில குளிரும், ஒண்ணு ரெண்டு வச்சிக்கினா இன்னா?"ன்றாராம். நான் வேணாம்னு சொல்லிப் பார்த்தேன். வேன் அவங்களுது, கூப்பிட்டது அவங்க, அதுக்கு மேல பேச முடியல. நீங்க தெரிஞ்சிக்கினு வரணும்னு எழுதறேன்.

இப்படிக்கு,
பிரிஸ்கில்லா


ராஜகுளம்
26.4.2025

அன்புள்ள பிரிசிக்கு,

இந்தக் கடுதாசி ஒண்ணாந்தேதிக்கு முன்னாடி உன் கைக்கு வரணும்னு சார்கிட்டச் சொல்லி அவசரத் தபால்ல போடச் சொல்லியிருக்கேன்.

நான் வரல.

பாட்டில் விஷயத்தை நீ மறைக்காம எழுதினதுக்கு நன்றி. அதைப் படிச்சதும் எனக்கு இன்னா ஆச்சு தெரியுமா? வேதகிரியைத் திட்டணும்னு தோணல. வேன்ல அந்தப் பாட்டிலை எங்க வச்சிருப்பாருன்னு மனசு தேட ஆரம்பிச்சுது. சீட்டுக்கு அடியிலயா, அரிசிப் பைக்கு உள்ளயான்னு. பசங்க எந்தப் பக்கம் உக்காருவாங்கன்னு நான் ஒரு நிமிஷம் கூட நினைக்கல. வாயில எச்சில் ஊறிச்சு. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சுட்டு எழுந்து வந்துட்டேன்.

சார்கிட்டப் போய் சொன்னேன். "முப்பதாந்தேதி உன்னை வெளிய விட எனக்கு ஆட்சேபணை இல்ல சாம்சன், உன் இஷ்டம்"னாரு. நானே இன்னும் நாற்பத்தஞ்சு நாள் இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். ஜூன் பதினாலு.

பசங்ககிட்ட அப்பாவுக்குக் காய்ச்சல், வேலைன்னு சொல்லாத. போன மே மாசம் நீ அப்படித்தான் சொல்லி என்னைக் காப்பாத்தின. இந்தத் தடவை உள்ளதைச் சொல்லு.

பையிலருந்து என் சட்டையை எடுத்துட்டு அந்த இடத்துல இன்னொரு போர்வை வை.

உன்,
சாம்சன்


மானாம்பதி
6.5.2025

அன்புள்ள ஷாரோன் அப்பாவுக்கு,

நாங்க நல்லபடியா போய் ஞாயித்துக்கிழமை திரும்பிட்டோம். துணி துவைச்சு முடிக்கவே இன்னிக்கு வரைக்கும் ஆச்சு. அதான் கடுதாசி லேட்டு.

உங்க கடுதாசியை முப்பதாந்தேதி சாயங்காலம் ஷாரோனுக்கு அப்படியே படிச்சுக் காட்டினேன். எச்சில் ஊறினதையும் விடல. பதினொரு வயசுப் பொண்ணுக்கு இது வேணுமான்னு தயங்கினேன்தான். அவ கேட்டுட்டு, நோட்டுல உங்க சட்டையை அடிச்சுட்டு போர்வைன்னு எழுதினா. எஸ்தர் "அப்பா பாயை நான் எடுத்துக்கட்டா?"ன்னுச்சு.

சேத்துப்பட்டு, போளூர் வழியா போனோம். மலையேறும்போது எஸ்தர் ரெண்டு தடவை வாந்தி எடுத்தா. கொல்லை நல்ல இடம், பக்கத்துல பலாமரம், தண்ணிக்குக் கிணறு. வேதகிரி அண்ணன் கடைல வாங்கின நீலக் கூடாரத்தைப் பத்து நிமிஷத்துல போட்டாரு. எனக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. மண்ணைத் தூவிப் பார்த்தேன், எல்லாரும் சிரிச்சாங்க. கால்வாய் வெட்டும்போது "மே மாசத்துல எதுக்குமா இந்த வேலை?"ன்னாரு அண்ணன். ஷாரோனும் நானும் மாத்தி மாத்தி வெட்டினோம்.

ரெண்டாம் நாள் மத்தியானம் மூணு மணிக்குக் கோடை மழை பிடிச்சுது. காத்து அப்படி ஒரு காத்து. நீலக் கூடாரம் சுருண்டுகினு போய் வேலியில மாட்டிக்கிச்சு. எங்களுது ஒரு முளை கூட அசையல. ஏழு பேரும் எங்க தார்ப்பாய்க்குள்ள உக்காந்து, ஒரு மணி நேரம், மழை விடறவரைக்கும் வேர்க்கடலை தின்னோம். வேதகிரி அண்ணன் முழங்காலைக் கட்டிக்கினு, "யாரும்மா உனக்கு இதைக் கத்துக் குடுத்தது?"ன்னு கேட்டாரு. "எங்க வூட்டுக்காரர்"னேன். அதுக்கப்புறம் அவர் பாட்டிலைப் பத்திப் பேசல. குடிக்கலன்னு சொல்ல வரல, குடிச்சாரு, ஆனா தள்ளிப் போய்.

இப்ப சொல்லப் போறது உங்களுக்கு வலிக்கும். நீங்க எனக்கு உள்ளதை எழுதினீங்க, அதனால நானும் எழுதறேன்.

மழை விட்டதும் நானும் ஷாரோனும் கால்வாய்ல தேங்கின தண்ணியைத் தள்ளிக்கினு இருந்தோம். "அப்பா வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் இல்ல?"ன்னு கேட்டேன். அவ குனிஞ்சுகினே சொன்னா: "வந்திருந்தா நான் அவரையே பார்த்துக்கினு இருந்திருப்பேம்மா. மலையைப் பார்த்திருக்க மாட்டேன்."

எனக்கும் அப்படித்தான். மூணு நாளும் நான் யாரோட வாயையும் மோந்து பார்க்கல. யார் காலடிச் சத்தத்தையும் காது குடுத்துக் கேக்கல. தூங்கினேன். நீங்க இல்லாம எங்களால முடியுதுன்னு தெரிஞ்சதும் முதல்ல பயமா இருந்துது. அப்புறம் அந்தப் பயம் போயிடுச்சு. இனிமே உங்களுக்காகப் பொய் சொல்றது, காத்துக்கினு கிடக்கறது, பையைக் கட்டி அவுக்கறது எதையும் நான் செய்ய மாட்டேன். செய்ய வேண்டிய அவசியம் எனக்கு இல்லன்னு இப்பத் தெரியுது.

ஆனா நீங்க வரலன்னு எழுதின அன்னிக்குத்தான் பதிமூணு வருஷத்துல முதல் தடவையா உங்களை நம்பினேன். அதையும் தெரிஞ்சிக்குங்க.

ஜூன் பதினாலு சனிக்கிழமை. உங்களைக் கூட்டிக்கினு வர நான் ராஜகுளத்துக்கு வரமாட்டேன், எனக்கு டூட்டி கீது. பஸ் பிடிச்சு நீங்களே வாங்க. வழியில எங்க இறங்கறீங்க, எங்க இறங்கலன்றது உங்க கையில. வந்ததும் முதல்ல பச்சமுத்து அண்ணன் வூட்டுக்குப் போய் பார்த்துட்டு வாங்க. பசங்க வூட்லதான் இருப்பாங்க. கம்பெனி பஸ் என்னை இறக்கிவிட ஆறரை ஆவும். அதுக்குள்ள நீங்க வந்துட்டா உலை வச்சிடுங்க, நாலு பேருக்கு.

இப்படிக்கு,
பிரிஸ்கில்லா